அத்தியாயம் 8: ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பங்கை எடைபோடுவது எப்படி?

2016 பிப்ரவரியில் புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல் டெக்னாலஜீஸ் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. கால்குலேட்டர் பழுதுபார்க்கும் தொழிலில் தொடங்கிய கைலாஷ் கட்கரும், ஆன்டிவைரஸ் மென்பொருளை எழுதிய அவருடைய தம்பி சஞ்சய் கட்கரும் வளர்த்தெடுத்த நிறுவனம் அது. பெட்டியில் அடைத்த ஆன்டிவைரஸ் சிடியாக நம் ஊர்க் கணினிக் கடைகளில் எல்லோரும் பார்த்த பெயர்தான். ஒரு பங்கு 321 ரூபாய் என்று விலை வைத்தார்கள். விண்ணப்பங்கள் பல மடங்கு குவிந்தன. ஆனால் பட்டியலான முதல் நாளே பங்கு வெளியீட்டு விலைக்கு வெகு கீழே முடிந்தது.

அதன் பிறகு அந்தப் பங்கு போன பாதையைப் பாருங்கள். 2020 மார்ச்சில், கொரோனா பீதியில், 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024-ல் 600 ரூபாயைத் தாண்டியது. 2025-ன் தொடக்க மாதங்களில் மறுபடி 300 ரூபாய்ப் பக்கம் வந்து நின்றது. இத்தனைக்கும் நிறுவனம் அதே நிறுவனம். அதே அண்ணன் தம்பி, அதே தொழில்.

ஏற்றத்தில் வாங்கி இறக்கத்தில் விற்றவர்கள் பலர். "வைரஸ் தாக்குதல் பெருகுகிறது, எனவே ஆன்டிவைரஸ் நிறுவனம் சம்பாதிக்கும், எனவே பங்கு ஏறும்" என்ற மூன்று வரிக் கணக்கை மட்டும் நம்பி வாங்கியவர்களே அவர்களில் அதிகம். அந்த மூன்று வரிகளுக்கு நடுவே என்னென்ன விடுபட்டுப்போகின்றன என்று இந்த அத்தியாயத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். குயிக் ஹீலை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வேண்டிய இடத்தில் அமெரிக்க நிறுவனங்களையும் தொட்டுக்கொள்வோம். சென்னையின் கே7 நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலாகவில்லை என்பதால் அதை எடுக்கவில்லை. இங்கே வரும் எந்தப் பெயரும் வாங்கச் சொல்லும் பரிந்துரை அல்ல. முறையைக் கற்றுக்கொள்வதற்கான பாடம் மட்டுமே.

படி 1: யாரிடம் விற்கிறார்கள் என்று பாருங்கள்

பாதுகாப்பு மென்பொருளுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. ஒன்று, வீட்டுக் கணினிக்கும் சிறு அலுவலகத்துக்கும் டீலர் மூலம் வாங்குபவர்கள். இரண்டாவது, வங்கி, மருத்துவமனை, அரசுத் துறை, தொழிற்சாலை போன்ற பெரிய அமைப்புகள். குயிக் ஹீலில் முதல் வகைக்கு நிறுவனத்தின் பெயரே பிராண்ட்; இரண்டாவது வகைக்கு 'செக்ரைட்' என்ற தனிப் பெயர்.

இரண்டும் ஒரே தொழில்போலத் தெரியும். உள்ளே வேறு வேறு. வீட்டு வாடிக்கையாளர் சில நூறு ரூபாய் கொடுப்பார், கடைக்காரர் சொல்வதை வாங்குவார், விலை கொஞ்சம் கூடினாலும் வேறு பிராண்டுக்குப் போவார். பெரிய அமைப்பிடம் ஆர்டர் வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். டெண்டர், சோதனை, பேரம் எல்லாம் உண்டு. ஆனால் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால், ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒன்றை நீக்கி இன்னொன்றைப் போடுவது அவர்களுக்கே தலைவலி என்பதால் எளிதில் மாறமாட்டார்கள்.

ஆகவே ஆண்டறிக்கையில் முதலில் தேட வேண்டியது: மொத்த வருமானத்தில் இந்த இரண்டின் பங்கு எவ்வளவு? ஐந்து ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு? சில்லறைப் பகுதி சுருங்கும் வேகத்தைவிடப் பெருநிறுவனப் பகுதி வளரும் வேகம் அதிகமா? ஒரு பக்கம் 20 கோடி ஏறி இன்னொரு பக்கம் 25 கோடி இறங்கினால், நிர்வாகம் ஏற்றத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நம் வேலை.

இதற்கு ஆண்டறிக்கை மட்டும் போதாது, கடைக்கும் போய்ப் பாருங்கள் என்பேன். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய், பல ஆண்டுகளாக ஆன்டிவைரஸ் விற்கும் ஒரு டீலரிடம் நின்று பேசினேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "புது லேப்டாப் வாங்குறவங்கள்ல நிறையப் பேர், 'அதான் விண்டோஸ்லயே இருக்கே சார்'னு போயிடறாங்க. ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கூல், டாலி போடற கடை, இவங்கதான் வருஷா வருஷம் வந்து ரென்யூ பண்றாங்க. ஒருத்தர் ஒரு தடவை டேட்டா போய் அழுதிருந்தா, அவரு விடவே மாட்டாரு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து பழைய லைசென்ஸ் அட்டையை நீட்டினார். டீலர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதிலிருந்த எண்ணைத் தட்டினார்; லைசென்ஸ் காலாவதியாகி பதினோரு நாள் ஆகியிருந்தது. புதிய அட்டையின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டினார், பணம் வாங்கினார், மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்தத் தொழிலின் உயிர் அந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறது. அந்த மனிதர் மறுபடி வந்தார் என்பதுதான் சொத்து.

படி 2: புதுப்பித்தலை அளந்து பாருங்கள்

சோப்பு நிறுவனம் சோப்பை விற்றால் அன்றோடு கணக்கு முடிந்தது. ஆன்டிவைரஸ் நிறுவனம் விற்பது காலத்தை: ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டுப் பாதுகாப்பு. எனவே லாப நட்டக் கணக்கின் முதல் வரி முழுக் கதையையும் சொல்லாது.

ஒரு பள்ளிக் கணினி ஆய்வகம் மூன்று ஆண்டு லைசென்ஸுக்கு 18,000 ரூபாய் முன்பணமாகக் கட்டுகிறது என்று வையுங்கள். முழுப் பணமும் இன்றே நிறுவனத்தின் கையில். ஆனால் மூன்று ஆண்டும் சேவை செய்தாக வேண்டும். பணத்தை ஆண்டுக்கு 6,000 என்று பிரித்துக் காட்டும் கணக்கு முறையில், முதல் ஆண்டு வருமானம் 6,000தான். மீதி 12,000 இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் உட்காரும். பெயர் 'டெஃபர்டு ரெவன்யூ', அதாவது கைக்கு வந்தும் இன்னும் வருமானமாகக் கணக்கில் ஏறாத பணம். பார்வைக்குக் கடன்போலத் தெரிந்தாலும் இது வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த முன்பணம். இந்தத் தொகை ஆண்டுக்காண்டு வளர்ந்தால் நல்ல அறிகுறி. வருமானம் வளர்ந்து இந்தத் தொகை மட்டும் இளைத்தால், புதிய லைசென்ஸ் வருவது குறைகிறது. பழைய முன்பணத்தை உண்டு காலம் தள்ளுகிறார்கள் என்று எச்சரிக்கையாகுங்கள்.

லைசென்ஸ் விற்ற அன்றே பெரும் பகுதியை வருமானமாக எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. எந்த முறை என்பது ஆண்டறிக்கையின் கணக்கியல் கொள்கைக் குறிப்பில், வருமானம் பற்றிய பத்தியில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் இரண்டு நிறுவனங்களின் வருமானத்தை ஒப்பிட்டால், மாத வாடகையையும் மூன்று வருடக் குத்தகையையும் ஒப்பிட்டதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது டீலர் சங்கிலி. நிறுவனம் விநியோகஸ்தருக்கு விற்கிறது, அவர் டீலருக்கு, டீலர் வாடிக்கையாளருக்கு. மார்ச் மாதத்தில் விநியோகஸ்தர் தலையில் சரக்கைக் கட்டிவிட்டால் அந்த ஆண்டு விற்பனை அழகாகத் தெரியும். அடுத்த இரண்டு காலாண்டுகள் படுத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வரவேண்டிய பாக்கியை ஆண்டு வருமானத்தால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். எத்தனை நாள் விற்பனை பாக்கியில் நிற்கிறது என்று தெரியும். அந்த நாள் எண்ணிக்கை வருடாவருடம் கூடினால், விற்பனை வளர்ச்சியைப் பாதிதான் நம்ப வேண்டும்.

படி 3: இலவசமாகக் கொடுப்பவர் யார்?

மைக்ரோசாஃப்ட் 2009-ல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்ற ஆன்டிவைரஸை இலவசமாகக் கொடுத்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அந்தப் பாதுகாப்பு விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ரிச்சி தெரு டீலர் சொன்ன "அதான் விண்டோஸ்லயே இருக்கே" என்ற வாசகத்தின் பிறப்பிடம் இதுதான். பெருநிறுவனங்கள் பக்கமும் அவர்கள் சும்மா இல்லை. பாதுகாப்புத் தொழிலில் மட்டும் தங்கள் ஆண்டு வருமானம் 2,000 கோடி டாலரைத் தாண்டியதாக 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

எனவே எந்தப் பாதுகாப்பு நிறுவனத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்விக்கு உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி பதில் எழுதுங்கள்: இலவசமாகக் கிடைப்பதை விட்டு, வாடிக்கையாளர் ஏன் இவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்? "உள்ளூரில் ஆள் வந்து சரிசெய்து தருகிறார்கள்" என்பது ஒரு பதில். "அரசுத் துறை இந்தியத் தயாரிப்பைக் கேட்கிறது" என்பது இன்னொன்று. "பல கணினிகளை ஒரே திரையில் கண்காணிக்க முடிகிறது" என்பது மூன்றாவது. பதில் எழுத வரவில்லை என்றால் அந்தப் பங்கை அங்கேயே வைத்துவிடுங்கள்.

படி 4: லாபம் எங்கே போகிறது?

குயிக் ஹீலின் ஆறு ஆண்டுக் கணக்கை அருகில் வைத்துப் பார்ப்போம். எல்லாம் கோடி ரூபாயில், தோராயமாக:

2019-20: வருமானம் 286, நிகர லாபம் 74
2020-21: வருமானம் 333, நிகர லாபம் 107
2021-22: வருமானம் 342, நிகர லாபம் 83
2022-23: வருமானம் 278, நிகர லாபம் 6
2023-24: வருமானம் 292, நிகர லாபம் 24
2024-25: வருமானம் 280, நிகர லாபம் 5

2021-22-க்கும் 2022-23-க்கும் நடுவே விரலை வையுங்கள். வருமானம் 19 சதவீதம் குறைந்தது. லாபமோ 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஏன் இப்படி? மென்பொருள் நிறுவனத்தின் மிகப் பெரிய செலவு பொறியாளர்களின் சம்பளம். விற்பனை குறைந்தது என்பதற்காக வைரஸ் ஆய்வாளர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் அடுத்த ஆண்டு விற்கப் பொருள் இருக்காது. சிடி, பெட்டி, லைசென்ஸ் அட்டைக்கு ஆகும் செலவு அற்பம். எனவே விற்பனை கூடினால் கூடுதல் ரூபாயில் பெரும்பகுதி லாபமாகும். விற்பனை குறைந்தால் குறைந்த ரூபாயில் பெரும்பகுதி லாபத்திலிருந்தே போகும். இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

இங்கே இரண்டு வரிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆராய்ச்சி மேம்பாட்டுச் செலவு. லாபம் குறைந்ததற்கு அது காரணம் என்றால், அந்தச் செலவு புதிய ஆர்டராகத் திரும்பி வருகிறதா என்று இரண்டு மூன்று ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். இரண்டாவது, 'இதர வருமானம்'. கையிருப்பு ரொக்கத்தை மியூச்சுவல் ஃபண்டிலும் டெபாசிட்டிலும் போட்டு வரும் வருவாய் அது. நிகர லாபத்தில் இதைக் கழித்துப் பாருங்கள். கழித்த பிறகு ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அந்த ஆண்டு சம்பாதித்தது மென்பொருள் அல்ல, வங்கி வட்டிதான்.

அமெரிக்கப் பங்குகளில் வேறொரு கண்ணி இருக்கிறது. பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 306 கோடி டாலர் வருமானமும் 94 கோடி டாலர் கைமிச்சப் பணப்புழக்கமும் காட்டியது. கணக்கியல் விதிப்படி நிகர லாபம் 9 கோடி டாலர்தான். இவ்வளவு இடைவெளி ஏன்? முன்பணமாக வந்த சந்தா ஒரு காரணம். மிகப் பெரிய காரணம், ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கொடுத்த பங்குகள். அதன் மதிப்பு மட்டும் 63 கோடி டாலர். பணமாக வெளியே போகாததால் அது பணப்புழக்கத்தில் தெரியாது. ஆனால் புதிய பங்குகள் அச்சாகி நிறுவனத்தில் உங்கள் பங்கின் விகிதத்தைக் குறைக்கின்றன. எனவே பணப்புழக்கத்தைப் பார்த்து மகிழும் முன் பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடுகிறது என்று பாருங்கள்.

படி 5: கையில் உள்ள பணத்தை நிர்வாகம் என்ன செய்கிறது?

பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களுக்கு இயந்திரம் வாங்கும் செலவு குறைவு. நல்ல ஆண்டுகளில் ரொக்கம் குவியும். அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில் நிர்வாகத்தின் குணம் தெரியும்.

சைமன்டெக்கின் கதையைக் கேளுங்கள். நார்ட்டன் ஆன்டிவைரஸ் மூலம் உலகமெங்கும் பெயரெடுத்த நிறுவனம். 2005-ல் தரவுச் சேமிப்பு மென்பொருள் நிறுவனமான வெரிடாஸை சுமார் 1,350 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கி இணைத்துக்கொண்டது. இரண்டும் ஒட்டவே இல்லை. 2016-ல் அதை 740 கோடி டாலருக்கு விற்றது. சிப் தயாரிக்கும் இன்டெல் 2011-ல் மெக்காஃபியை 768 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2016-ல் அதில் பெரும்பான்மைப் பங்கைக் கைமாற்ற ஒப்புக்கொண்டபோது நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு 420 கோடி டாலர். பெரிய பெரிய நிர்வாகங்களே இந்தத் துறையில் பெரிய விலைக்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. நீங்கள் வைத்திருக்கும் நிறுவனம் தன் சந்தை மதிப்பில் கால்வாசிக்கு மேல் கொடுத்து இன்னொன்றை வாங்கப் போவதாக அறிவித்தால், உங்கள் காரணங்களை மறுபடி முதலிலிருந்து சரிபாருங்கள்.

குயிக் ஹீல் வேறு வழியில் போனது. 2019-ல் பங்குக்கு 275 ரூபாய், 2021-ல் 245 ரூபாய், 2022-ல் 300 ரூபாய் என்று மூன்று முறை பங்குகளைத் திரும்ப வாங்கியது. மூன்றுக்கும் சேர்த்து சுமார் 480 கோடி ரூபாய். 2016-ல் புதிய பங்குகள் மூலம் அது திரட்டியதோ 250 கோடி. ஏறத்தாழ 7 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை 5.3 கோடியாகக் குறைந்தது. மிச்சமிருந்தவர்களின் பங்கு கனமானது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? பங்குதாரர் பணத்தை வீணான கொள்முதலில் விடாமல் திருப்பிக் கொடுத்தது பாராட்டுக்குரியது. அதே சமயம், "இந்தப் பணத்தைத் தொழிலில் போட்டு வளர்க்க வழி இல்லையா?" என்ற கேள்வியும் எழ வேண்டும். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். சிறு முதலீட்டாளருக்கு ஒரு நடைமுறைச் செய்தி: டெண்டர் முறையில் திரும்ப வாங்கும்போது, பதிவுத் தேதியில் 2 லட்சம் ரூபாய் மதிப்பு வரை வைத்திருப்பவர்களுக்கென 15 சதவீத ஒதுக்கீடு உண்டு. சந்தை விலையைவிட அதிக விலை கிடைக்கும் வாய்ப்பு அது. மின்னஞ்சலில் வரும் அறிவிப்பைப் படிக்காமல் விட்டு இதை இழப்பவர்கள் நிறைய.

நிறுவனர்களின் பங்கையும் பாருங்கள். குயிக் ஹீலில் கட்கர் குடும்பத்திடம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அவர்கள் பணமும் உங்கள் பணமும் ஒரே படகில் இருக்கின்றன என்பது நல்லது. சந்தையில் புழங்கும் பங்குகள் குறைவு என்பதால் ஏறும்போது வேகமாக ஏறி, இறங்கும்போது வாங்க ஆளில்லாமல் இறங்கும் என்பது அதன் மறுபக்கம்.

படி 6: ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்கள்

வழக்குகளும் வரித் தகராறுகளும் ஆண்டறிக்கையின் பின்பகுதிக் குறிப்புகளில் சின்ன எழுத்தில் இருக்கும். குயிக் ஹீலுக்கு ஒரு வழக்கு இருந்தது. சிடியில் விற்கும் ஆன்டிவைரஸ் பொருளா, சேவையா? பொருள் என்றால் மதிப்புக் கூட்டு வரி, சேவை என்றால் சேவை வரி. சேவை என்று சொல்லி வரித்துறை சுமார் 56 கோடி ரூபாய் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 ஆகஸ்டில் அது பொருள் விற்பனைதான் என்று நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

இப்போது மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். 2022-23 லாபம் 6 கோடி. தீர்ப்பு மாறி வந்திருந்தால் அந்த ஒரே தொகை பல ஆண்டு லாபத்தை விழுங்கியிருக்கும். எனவே, தீராத வழக்குகளின் மொத்தத் தொகையை ஒரு நல்ல ஆண்டு லாபத்தோடு ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு வழக்கையும் படிக்காமல் வாங்காதீர்கள்.

படி 7: ஒரே நாளில் வரும் ஆபத்து

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸைப் பயணிகள் கையில் வாங்கிக்கொண்டு போனார்கள். பாதுகாக்க வேண்டிய மென்பொருளே கணினியை முடக்கியது. பங்கு அன்று ஒரே நாளில் 11 சதவீதம் விழுந்தது. முந்தைய நாள் 343 டாலரில் இருந்த பங்கு, ஆகஸ்ட் தொடக்கத்தில் 220 டாலருக்கு அருகில் வந்தது.

இத்தகைய நாளில் என்ன செய்ய வேண்டும்? அன்றைய விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அடுத்த இரண்டு காலாண்டுகளில் வாடிக்கையாளர்கள் தங்குகிறார்களா என்று பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக்கில் பழைய சந்தாவில் 97 சதவீதம் தங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பங்கு பழைய விலையை மீட்டது. எல்லா நிறுவனத்துக்கும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நம்பிவிடக் கூடாது. புதுப்பித்தல் விகிதம் குறைந்திருந்தால் விற்றவர்தான் சரி.

விபத்தே இல்லாமலும் விழும். இன்னொரு அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் 2024 பிப்ரவரியில், வாடிக்கையாளர்களைத் தன் முழுத் தொகுப்புக்கு மாற்ற, சில சேவைகளைக் கொஞ்ச காலம் இலவசமாகத் தரப்போவதாகச் சொல்லி, பில்லிங் (வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் பில்களின் மொத்தத் தொகை) எதிர்பார்ப்பைக் குறைத்தது. மறுநாள் பங்கு 28 சதவீதம் சரிந்தது. நிறுவனத்தில் ஒன்றும் உடையவில்லை; விலையில் ஏற்றி வைத்திருந்த எதிர்பார்ப்புதான் உடைந்தது.

படி 8: செய்தியைப் பார்த்து வாங்காதீர்கள்

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பணயத் தாக்குதல் உலகை உலுக்கியது. அது வெள்ளிக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் அமெரிக்காவில் பாதுகாப்பு நிறுவனப் பங்குகள் ஏறின. பயம் பங்கை ஒரு வாரம் ஏற்றும். ஆனால் அந்தப் பயம் ஆர்டராகி, ஆர்டர் பில்லாகி, பில் பணமாக வருவதற்கு மாதங்கள் பிடிக்கும். பல சமயம் அந்தப் பணம் வேறு நிறுவனத்துக்குப் போகும்.

சட்டங்களும் அப்படியே. நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நிறுவனங்கள் பாதுகாப்புக்குச் செலவழித்தே ஆக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, அவையும் படிப்படியாகவே அமலாகும். சட்டம் வந்த அன்று வாங்கியவர் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருக்கும் பொறுமையையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

படி 9: விலையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

கடைசியாக விலை. இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

2024-ல் குயிக் ஹீல் பங்கு 600 ரூபாயில் இருந்தபோது, 5.3 கோடிப் பங்குகளால் பெருக்கினால் சந்தை மதிப்பு சுமார் 3,200 கோடி ரூபாய். 2023-24 நிகர லாபம் 24 கோடி. ஆக, பி.இ. விகிதம், அதாவது சந்தை மதிப்பை லாபத்தால் வகுத்தால் வருவது, 130-க்கு மேல். "விலை அதிகம்" என்று சொல்லி இங்கேயே நிறுத்திவிடலாம். நிறுத்தாதீர்கள், கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நல்ல, வளரும் மென்பொருள் நிறுவனத்துக்கு 30 மடங்கு நியாயம் என்று நீங்கள் கருதினால், 3,200 கோடியை 30-ஆல் வகுங்கள். 107 கோடி வரும்.

மேலே உள்ள பட்டியலில் 107 எங்கே இருக்கிறது? 2020-21-ல். இந்த ஆறு ஆண்டுகளில் நிறுவனம் தொட்ட உச்ச லாபம் அது. அதாவது 600 ரூபாய் கொடுத்து வாங்கியவர், நிறுவனம் தன் உச்ச லாபத்துக்கு நிச்சயம் திரும்பிவிடும் என்று முன்கூட்டியே பணம் கட்டிவிட்டார். திரும்பினாலும் அவருக்குப் பெரிதாக மிச்சமில்லை. அடுத்த ஆண்டு லாபம் 5 கோடியாக வந்தபோது விலை எப்படி நிற்கும்?

இப்போது 2020 மார்ச்சுக்குப் போங்கள். விலை 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பங்குகள் சுமார் 6.4 கோடி, சந்தை மதிப்பு 640 கோடி. அந்த நிதியாண்டின் லாபம் 74 கோடி. விகிதம் 9-க்கும் குறைவு. கடன் இல்லை, கையில் ரொக்கம் உண்டு. ஒரே கடை, ஒரே முதலாளிகள். ஒரு சமயம் 9 வருட லாபத்துக்குக் கிடைத்தது, இன்னொரு சமயம் 130 வருட லாபத்தைக் கேட்டது. எந்த விலைக்கு எவ்வளவு நம்பிக்கை தேவைப்படுகிறது என்பதை இந்தத் திருப்பிப் போடும் கணக்கு கண்முன் வைக்கும். வாங்கும் முன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

நோட்டில் எழுத வேண்டிய பத்துக் கேள்விகள்

1. வருமானத்தில் சில்லறை எவ்வளவு, பெருநிறுவனம் எவ்வளவு? ஐந்தாண்டில் எப்படி மாறியது?
2. வாடிக்கையாளர் புதுப்பிக்கும் விகிதத்தை நிறுவனம் வெளியிடுகிறதா? கூடுகிறதா, குறைகிறதா?
3. முன்பணமாக வந்த வருமானம் வளர்கிறதா?
4. பாக்கி எத்தனை நாள்?
5. இலவசப் போட்டியை மீறி ஏன் வாங்குகிறார்கள்?
6. இதர வருமானத்தைக் கழித்தால் லாபம் மிஞ்சுகிறதா?
7. பங்குகளின் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா?
8. ரொக்கத்தை எதில் போட்டார்கள்?
9. தீராத வழக்குகளின் தொகை எவ்வளவு?
10. இன்றைய விலைக்கு எவ்வளவு லாபம் வர வேண்டும்? அதை எப்போதாவது சம்பாதித்திருக்கிறார்களா?

ஏழு கேள்விக்காவது திருப்தியான பதில் வேண்டும். பத்தாவதற்குப் பதில் சரியில்லை என்றால், மற்ற ஒன்பதும் நன்றாக இருந்தாலும் காத்திருங்கள். நல்ல நிறுவனத்தைத் தவறான விலையில் வாங்கினால் நஷ்டம்தான். எல்லாம் சரியாக இருந்தாலும் இப்படிப்பட்ட ஒரு பங்கில் உங்கள் மொத்தப் பங்கு முதலீட்டில் 5 சதவீதத்துக்கு மேல் போடாதீர்கள். ஒரு தவறான அப்டேட் என்ன செய்யும் என்று பார்த்தோம். மகள் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் தவணை என்று நாள் குறித்து வைத்த பணத்தை இதில் போடவே வேண்டாம்.

வாங்கிய பிறகு காலாண்டு முடிவு வரும் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 2, 3, 4, 6 ஆகிய நான்கு கேள்விகளுக்கு மட்டும் புதிய பதிலை நோட்டில் எழுதுங்கள். சில எண்கள் அரையாண்டுக்கு ஒருமுறைதான் வெளியாகும், அப்போது நிரப்புங்கள். மூன்று காலாண்டுகள் தொடர்ந்து இரண்டு பதில்கள் கெட்டுப்போனால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். விலை மட்டும் இறங்கி, பதில்கள் மாறாமல் இருந்தால் விற்க அவசரம் இல்லை.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு பயிற்சியோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கணினியைத் திறந்து, அதில் என்ன பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது, லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தேதி வரும்போது மறுபடி பணம் கட்டுவீர்களா? கட்டுவீர்கள் என்றால் எதற்காக, மாட்டீர்கள் என்றால் ஏன் என்று நான்கு வரி எழுதுங்கள். பிறகு பக்கத்து வீட்டில், உங்கள் ஆடிட்டரிடம், பிள்ளையின் பள்ளியில் என்று ஐந்து பேரிடம் இதையே கேளுங்கள். அந்த ஆறு பதில்களோடு ஆண்டறிக்கையைத் திறந்தால், அதில் உள்ள எண்களுக்குப் பின்னால் நிற்கும் மனிதர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.